இரண்டு நாள் மாத்திரை

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால், வண்டியிலிருந்து விழுந்தது என்று சொல்லி வேட்டியை இறக்கிவிடுவேன். விழுந்தது நிஜம்தான். ஆனால் அந்தத் தழும்பு விழுந்ததால் வந்ததில்லை, என் திமிரால் வந்தது. இப்போது கம்பு ஊன்றாமல் வீட்டுக்குள் நடக்கிறேன். வேலைக்குப் போக இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம். அதற்கு நான் லாயக்கில்லை என்பது போகப் போகத் தெரியும்.

சிவகாசிக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாக நான் போர்மேன். காலையில் வேனில் வந்து இறங்குகிற ஆட்களை எந்த ஷெட்டில் யார் என்று பிரித்து உட்கார வைப்பதிலிருந்து, சாயங்காலம் கடைசி வேன் கிளம்புவது வரைக்கும் என் பொறுப்பு. எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. என் மேஜை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் காய்ச்சல் மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, அப்புறம் சிவப்புக் கேப்சூல். இந்தச் சிவப்புக் கேப்சூல் ஆண்டிபயாட்டிக், கிருமியைக் கொல்கிற மருந்து. தெரிந்த கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே அட்டை அட்டையாக வாங்கி வைத்திருந்தேன்.

கையில் வெட்டு, தீக்கொப்புளத்தில் சீழ், தொண்டைக்கட்டு, எதுவானாலும் கத்தரிக்கோலால் அட்டையிலிருந்து நாலு கேப்சூலை வெட்டிக் கொடுப்பேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இரண்டு நாள். அவ்வளவுதான் என் வைத்தியம். புண் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஒரு கேப்சூலைத் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கிற தூளைப் புண்மேலேயே தூவிவிடுவேன். மறுநாள் காய்ந்திருக்கும், ஆளும் வேலையில் இருக்கும். சீசன் நேரத்தில் ஒரு ஆள் குறைந்தாலும் அன்றைய லோடு நேரத்துக்குக் கிளம்பாது, முதலாளியிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும். "டாக்டரு மட்டும் என்னத்தக் குடுத்துருவாரு, இதத்தான் குடுப்பாரு" என்பேன். அண்ணாச்சி கைராசிக்காரர் என்று பேர் வேறு. அதைக் கேட்டு உச்சி குளிர்ந்து போய் இருந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாத்தூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. உள்ளே ஒரு ஸ்டீல் பிளேட்டை வைத்து ஸ்குரூ போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். நன்றாகத்தான் கூடியது. நானும் மறந்துவிட்டேன். போன மாசி மாதம் அந்தப் பழைய தையலுக்கு நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் வந்து உடைந்து, நீர் போலச் சீழ் கசிந்தது. வலிகூடப் பெரிதாக இல்லை. டிராயரைத் திறந்தேன். இரண்டு நாள் கேப்சூல் போட்டேன். காய்ந்துவிட்டது. அட, நம்ம மருந்து நமக்கே வேலை செய்யுதே என்று ஒரு பெருமை. பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி கசிந்தது. மறுபடி இரண்டு நாள். காய்ந்தது. இப்படியே பங்குனி, சித்திரை, வைகாசி என்று எத்தனை தடவை போட்டேனோ, சரியாக நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் காய்கிற நாள் குறைந்து, கசிகிற நாள் கூடிக்கொண்டே வந்தது. அது என் புத்திக்கு எட்டவில்லை.

என் வீட்டுக்காரி ராஜாத்திதான் ஆனி மாதம் ஒரு நாள் வேட்டியில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதுரைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எலும்பு டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே ஒருவர் முழங்காலோடு கால் எடுத்தவர், சக்கர நாற்காலியில் இருந்தார். ராஜாத்தி அவரைப் பார்க்காத மாதிரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நானும் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிளேட்டைச் சுற்றி எலும்பு அரித்திருக்கிறது, ஸ்குரூ இரண்டு ஆடுகிறது என்றார். உள்ளே கிருமி குடியிருக்கிறது, எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும், அதற்குக் கல்ச்சர் பண்ண வேண்டும் என்றார். கல்ச்சர் என்பது வேறொன்றுமில்லை. புண்ணின் ஆழத்திலிருந்து கொஞ்சம் சதையும் சீழும் எடுத்து, கிருமிக்குத் தீனி வைத்த சின்னத் தட்டில் போட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வளர விடுவார்கள். வளர்ந்தால் அது என்ன ஜாதிக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று பார்த்துவிடலாம். ஆனால் உடம்பில் ஆண்டிபயாட்டிக் இருக்கும்போது எடுத்தால் கிருமி மயங்கிக் கிடக்கும். தட்டில் வளராது, எலும்பில் சாகவும் செய்யாது. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, இதுக்கு முன்னாடி ஏதாவது ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நூறு தடவை யோசித்திருக்கிறேன். கம்பெனி டிராயர் விஷயம் வெளியே வந்தால் கேள்வி வரும் என்று ஒரு பயம். அதைவிட, இருபது வருஷம் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தவன் ஒரு சின்னப் பெண் முன்னால் கைகட்டித் தலைகுனிய வேண்டுமே என்கிற வீம்பு. ராஜாத்திக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

இரண்டு வாரம் எந்த மருந்தும் வேண்டாம், சதை எடுக்கிற அன்றைக்கு வாருங்கள் என்று அனுப்பினார். சரி என்று வந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? ஆறாம் நாள் சீழ் அதிகமாக வந்தது. ஷெட்டுக்கு ஷெட் நடக்க முடியவில்லை. ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. டிராயரைத் திறந்து இரண்டு நாள் போட்டேன். சதை எடுக்கப் போவதற்கு முந்தின நாளும், வழியில் வலிக்கக் கூடாது என்று ஒன்று போட்டேன். வலிக்கும் அந்தக் கேப்சூலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுகூடத் தெரியாத வைத்தியன் நான்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று ரிசல்ட் வந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது, கிருமியே இல்லை போல என்று. டாக்டரம்மா முகம் அப்படி இல்லை. சீழ் வருகிறது, எலும்பு அரிக்கிறது, தட்டில் ஒன்றும் வளரவில்லை என்றால் டி.பி.யாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும் என்றார். எலும்பில்கூட டி.பி. வருமாம். அந்தச் சோதனைகளுக்கு நாள் பிடிக்கும், அதுவரைக்கும் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்கவும் முடியாது என்றார். அப்புறம் ராஜாத்தியைப் பார்த்து, இன்னும் அரித்துக்கொண்டே போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்கிற நிலைமைகூட வரலாம், சொல்லாமல் விட்டால் தப்பு, அதனால் சொல்கிறேன் என்றார்.

ராஜாத்தி அங்கே அழவில்லை. வெளியே வந்து மருந்துக் கவுண்டர் பக்கத்தில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று அழுதாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் டி.பி.யில் இறந்தவர். நான் பக்கத்தில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் மருந்து வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதை நினைத்துப் பார்த்ததில், தட்டில் ஏன் வளரவில்லை என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். சீ என்று இருக்கிறது.

டி.பி. சோதனைக்காக வார்டில் சேர்த்தார்கள். அந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டது என் மருமகன். பெண் கேட்டு வந்தபோது, பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கிற பயலுக்கா என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அவன் காலண்டர் சீசனை விட்டுவிட்டு வந்து, என் காலில் சீழ் பட்ட துணியைக் கையால் அலசிக் காயப் போட்டான். சாப்பிட்டீகளா மாமா என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அலசுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், அவன் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். செலவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தனிக் கதை ஆகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று ராஜாத்தி கிளம்பினாள். மறுநாள் காலையில் வார்டுக்கு வந்தபோது விந்தி விந்தி நடந்தாள். சாத்தூரிலிருந்து கோயில் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து திருநீற்றை எடுத்து என் காலில் கட்டுக்கு மேலே பூசினாள். டி.பி.யாக இருந்தாலும் பரவாயில்லை, கால் மட்டும் நிலைக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன், ஆத்தா கைவிட மாட்டாள் என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டிராயர், டப்பா, மாசியிலிருந்து போட்டது, சதை எடுக்க வந்த முந்தின நாள் போட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையணையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். திருநீற்றுப் பொட்டலத்தை மடித்தாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது? சொல்ல வேண்டியவுககிட்டச் சொல்லுங்க" என்றாள். அந்தக் கொப்புளக் காலோடு அவளே எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை எடுத்தார், எத்தனை நாளாக, ஒரு தடவைக்கு எத்தனை, நடுவில் எத்தனை நாள் விட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடிதண்ணிக் குடத்தை நாலு நாள் கழுவாம விட்டா உள்ள வழவழன்னு ஒட்டியிருக்குமே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"தண்ணியை ஊத்திக் கவுத்தா அது போகுமா?"

"போகாது. தேய்க்கணும்" என்று ராஜாத்தி சொன்னாள்.

அந்த வழவழப்புதான் என் பிளேட்டிலும் இருக்கிறதாம். பயோஃபிலிம் என்றார். கிருமிகள் தனித்தனியாக ரத்தத்தில் திரியும்போது மருந்து பிடித்துக் கொன்றுவிடும். ஆனால் இரும்பு மாதிரி உயிரில்லாத ஒரு பொருள் உடம்புக்குள் கிடைத்தால் அதில் போய் ஒட்டிக்கொண்டு, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக ஒளிந்துகொள்ளும். பசைக்குள் மருந்து சரியாக இறங்காது. அடியில் இருக்கிற கிருமிகள் தின்னாமல் வளராமல் தூங்கிக் கிடக்கும். பல மருந்துகள் வளர்கிற கிருமியைத்தான் கொல்லும், தூங்குகிறதை ஒன்றும் செய்யாது. நான் போட்ட கேப்சூல் மேலே சுற்றித் திரிந்ததை மட்டும் கொன்றது. அதனால்தான் இரண்டு நாளில் காய்ந்த மாதிரி இருந்தது. மருந்தை நிறுத்தியதும் அடியில் இருந்தது எழுந்து வந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. எல்லா மருந்தும் எல்லாக் கிருமியும் இப்படி இல்லை, ஆனால் சில மருந்தைச் சில கிருமிக்குக் கொல்கிற அளவுக்குக் கீழே குறைச்சலாகக் கொடுத்தால், அது சாவதற்குப் பதிலாக ஆபத்து வருகிறது என்று உஷாராகி, முன்னைவிட அதிகமாகப் பசை சுரந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளுமாம். ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்களாம். உங்கள் காலில் அதுதான் நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, நடந்திருக்கலாம் என்றார். கிருமியைக் கொல்வதாக நினைத்துக்கொண்டு ஆறு மாதமாக அதற்கு வீடு கட்ட நானே செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எழுந்து போகும்போது கேட்டார்: "இந்த மாத்திரையை வேற யாருக்கும் குடுக்கலையே ஐயா?"

"இல்லம்மா" என்றேன்.

ராஜாத்தி என்னைப் பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா, இதையும் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷனை ஒரே நாளில் இரண்டு தடவை காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போல.

மறுபடி கல்ச்சர் பண்ண இரண்டு வாரம் மருந்தில்லாமல் இருக்க வேண்டும் என்றபோது வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இவுகளை நம்பி நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன் என்று நர்சுகள் முன்னாலேயே ராஜாத்தி சொல்லிவிட்டாள். தினமும் என் சட்டைப் பையைத் துழாவினாள். ஐம்பத்துநாலு வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நர்சுகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

இந்தத் தடவை தட்டில் வளர்ந்தது, டி.பி. இல்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று பேர், நம் தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கிற சாதாரணக் கிருமிதானாம். ஆனால் என்னுடையது வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ரகம், என் சிவப்புக் கேப்சூலுக்குக் கொஞ்சம் மயங்குமே தவிர முழுசாகச் சாகாதது. ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. பிளேட்டைக் கழற்றி, அரித்த எலும்பைச் சுரண்டி எடுத்து, குடத்தைத் தேய்க்கிற மாதிரியே கழுவியிருக்கிறார்கள். அந்தப் பிளேட்டை எனக்குக் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. இதிலா என்று நம்ப முடியவில்லை.

அதற்கப்புறம் ஆறு வாரம் வான்கோமைசின் என்கிற ஊசி மருந்து. காலையும் மாலையும் ட்ரிப்ஸில் சொட்டுச் சொட்டாக ஏறும். வேகமாக விட்டால் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று வாரம் இரண்டு தடவை ரத்தம் எடுப்பார்கள். கால் நிற்குமா என்று கேட்டால், காய்ச்சல் வராமல் மூன்றாவது வாரத்தைத் தாண்டட்டும், சொல்கிறேன் என்பார் டாக்டரம்மா. தாண்டியது. இனி எடுக்க வேண்டி வராது என்று நினைக்கிறேன் என்றார். ராஜாத்தி என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து மூன்று பெண்கள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார்கள். சீசன் உச்சத்தில் அரை நாள் கிடைத்ததே பெரிது, அதையும் எனக்காகச் செலவழித்திருக்கிறார்கள். கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார்கள். ஆர்டர் நெருக்குது, நீங்க இல்லாம ஒண்ணும் ஓட மாட்டேங்குது என்று சிரித்துப் பேசினார்கள். அதில் ஒருத்தி பேச்சியம்மாள், வெடிக்குத் திரி சொருகுகிறவள். ஷெட்டிலேயே கை வேகமானவள். பேசும்போதெல்லாம் வலது கையைச் சேலைக்குள்ளேயே வைத்திருந்தாள். மற்ற இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போனதும் கிட்டே வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க டிராயர் சாவி ஒங்ககிட்டதான் இருக்காம். செவப்பு மாத்திர நாலு எடுத்துக்கிடட்டுமா? நீங்க குடுத்தப்பல்லாம் கேட்டுச்சு."

கையைக் காட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரல், துணி சுற்றியிருந்தது. பிரித்தாள். நகத்தோரம் வீங்கி, நடுவில் மிளகளவு துவாரத்திலிருந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது. வைகாசியிலிருந்து மூன்று தடவை நான் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை தூளும் தூவியிருக்கிறேன். அவள் விரலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ராஜாத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்வையை விலக்கி என் காலைக் காட்டினேன்.

"அது கேக்கல பேச்சி, கேட்ட மாதிரி இருந்துச்சு. நானும் அதத்தான் தின்னேன், இந்தா பாரு. ஒனக்கு நான் குடுத்தது தப்பு. தெரியாம குடுத்தேன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது, தெரிஞ்ச மாதிரிதான குடுத்தேன். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. நான் குடுத்தத எல்லாம் சொல்லு, எம்பேரச் சொல்லு. அவுக குடுக்குற மாத்திரைய ஒண்ணு விடாம முழுசாச் சாப்பிடு தாயி."

அவள் தையலை நெடுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். துணியை மறுபடி விரலில் சுற்றிக்கொண்டு, பல்லால் முடிச்சை இழுத்தாள்.

"போறேன் அண்ணாச்சி. மூணு தடவையும் நான் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டுத்தான ஒங்ககிட்ட வந்தேன். நீங்கதான் மாத்திரயக் குடுத்து ஷெட்டுக்கு அனுப்பிட்டீக. நாளைக்கு லீவு குடுப்பீகளா?"

எனக்கு அது நினைவிலேயே இல்லை. மாத்திரை கேட்டு வந்தாள் என்றுதான் அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.